எண்ணெய்க் கசிவு

நமது கல்லூரிச் சஞ்சிகையின் தமிழ்ப் பகுதிக்கு ஒரு வியாசம் வரைந்தனுப்புமாறு பத்திராதிபர் எமக்கு எழுதியபோது, கற்றோர் கூடும் இடத்தில் யாம் எதனைச் சொல்ல வல்லோம் என்று சில நாள் மயங்கியிருந்தோம். இலக்கிய ஆராய்ச்சி எமக்குக் கைவந்ததன்று. தத்துவ விசாரத்திலும் பழக்கமில்லை. பல வருடங்களாக எம் கையில் நீங்காது ஒட்டியிருப்பது யந்திர எண்ணெயின் கறை ஒன்றே. ஆகவே அக்கறை பற்றியே எழுதத் துணிந்தோம். பௌதிக சாஸ்திரம் பயிலும் மாணவர்களுக்கு இதில் சிறிது பயன் உண்டு. மற்றையோர் எம் அறியாமையைக் கண்டு நகைக்கலாம். இரண்டும் எமக்கு உவப்பே.

யாம் வசிப்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளில், விஸ்கான்ஸின் மாகாணத்தில். அந்நாட்டில் ஒருவன் தன் வீட்டுக் கொட்டகையில் விமானமொன்றைத் தானே கட்டி, அதில் ஏறிப் பறத்தற்குச் சட்டம் இடந்தருகின்றது. கட்டுவேலையின் பெரும்பகுதியைக் கல்வியின் பொருட்டோ பொழுதுபோக்கின் பொருட்டோ கட்டுவோரே செய்திருத்தல் வேண்டும். பரிசோதகர் வந்து பார்த்து உத்தரவு கொடுத்தல் வேண்டும். அதன் பின்னரும் பரீட்சைப் பறப்பு முடியும்வரை, குறித்த எல்லைக்குள், பிரயாணியை ஏற்றாது பறத்தல் வேண்டும். எமக்கு விதிக்கப்பட்டது 40 மணி நேரம். இவ்வழக்கம் புதியதன்று. அயல் மாகாணமாகிய மினசோட்டாவில் பெர்னார்ட் பீட்டன்போல் என்பவர் 1929-ஆம் ஆண்டிலேயே ஃபோர்டு மோட்டார் வண்டியின் யந்திரத்தைத் தாம் கட்டிய மரவிமானத்தில் பொருத்திப் பறந்தார். 1953-ல் மில்வாக்கி நகரத்தில் இத்தகைய கைவேலைக்காரர் சிலர் கூடி ஒரு சங்கம் நிறுவினர். அதன் வருடாந்தரக் கூட்டம் 1970 முதல் ஆஷ்காஷ் என்னும் ஊரில் கூடிவருகின்றது. அங்கே வேடிக்கை பார்க்கச் சென்றதே எமக்கு வினையாயிற்று.

தகடுகளும் தறையாணிகளுமாகப் பெட்டிகளில் வந்த ஆர்.வி.-9ஏ என்னும் இரண்டாசன விமானத்தை யாம் கட்டிய ஏழு வருட வரலாற்றை ஈண்டு விரிக்கப் புகின் சஞ்சிகை கொள்ளாது. யந்திரத்தை மாத்திரம் சொல்லுவோம். புதிய யந்திரம் வாங்கும் பொருள் எம்மிடமில்லை. ஆதலால் பழைய லைகாமிங் ஓ-320 ஒன்றை விலைக்கு வாங்கிக் கழற்றி, தேய்ந்த உறுப்புகளை மாற்றி, மீண்டும் பூட்டினோம். நான்கு சிலிண்டர்கள், பக்கத்துக்கு இரண்டாக ஒன்றையொன்று எதிர்நோக்கிப் படுத்திருப்பவை, 160 குதிரை வலிமை, குளிர்விப்பது காற்று. எமக்கு ஆசானாக வாய்த்தவர் அடுத்த பண்ணையில் வசித்த ஒரு பெரியவர். வாழ்நாளெல்லாம் டிராக்டர்களைப் பழுதுபார்த்தவர், பேச்சுக் குறைந்தவர், செவியும் சிறிது மந்தம்.

அவ் யந்திரத்தின் நடுவுடலாகிய கிராங்க் பெட்டி, இரண்டு பாதியாக வார்க்கப்பட்டு நெடுக்குவாட்டில் ஒன்றோடொன்று பொருந்துவது. பொருந்தும் இடத்தில் காகிதத்தாலோ தக்கையாலோ ஆன காஸ்கெட் வைத்தல் ஆகாது; ஏனெனில் கிராங்க் தண்டு சுழலும் பேரிங்குகளை அவ்விரு பாதிகளே கவ்விப் பிடிக்கின்றன. இடையில் எதனை வைத்தாலும் அதன் கனம் அளவைக் கெடுத்துவிடும். உலோகம் உலோகத்தைத் தொடவேண்டும்; ஆயினும் எண்ணெய் வெளிப்படலாகாது. இம்முரண்பாட்டைத் தீர்ப்பது யாதென்று நினைக்கிறீர்கள்? பட்டு நூல்! இறுகி உலராத பசையை மெல்லப் பூசி, போல்ட்டுத் துளைகளின் உட்புறமாக ஒற்றைப் பட்டு நூலை வளைத்தோட்டி, மற்றப் பாதியை மேலே வைத்து முடுக்குகின்றனர். நூல் நசுங்கி இடுக்கை நிரப்புகின்றது. உலோகமும் உலோகத்தைத் தொடுகின்றது. காஞ்சீபுரத்துப் பட்டின் பெருமையைக் கேட்டு வளர்ந்த எமக்கு, பட்டின் இவ்வுபயோகத்தை விஸ்கான்ஸின் பண்ணைக்காரர் ஒருவரே கற்பிக்க நேர்ந்தது. அவர் தடித்த விரல்களால் அந்நூலைப் படிய வைத்த நுட்பத்தை இன்றும் மறந்திலோம். அந்த இணைப்பில் அன்று முதல் இன்றுவரை ஒரு துளியும் கசிந்ததில்லை. கசிந்தவையெல்லாம் யாம் எளியவை என்று எண்ணித் தனியே செய்தவையே.

2017 ஜூன் மாதத்தில் முதன்முறை பறந்தோம். பரீட்சைக்குரிய 40 மணியும் அவ்வருட இலையுதிர் காலத்துக்குள் நிறைவேறின. யந்திரத்தின் அடிவயிறு அதுகாறும் உலர்ந்தே இருந்தது. மறு வருடம் வசந்தத்தில், கொட்டகைத் தரையில் விரித்திருந்த அட்டையின்மேல் ஒரு நாணயமளவு கறை கண்டோம். அடுத்த வாரம் மூன்று கறைகள்.

யந்திரத்தில் எண்ணெய் கசிவது புதுமையன்று. முதலாம் மகாயுத்த காலத்தில் சில விமான யந்திரங்கள், கிராங்க் தண்டு அசையாதிருக்கச் சிலிண்டர்களே சுழலும்படி அமைக்கப்பட்டிருந்தன. அவற்றுக்கு இட்டது நம் நாட்டுப் பாட்டிமார் கையிலுள்ள விளக்கெண்ணெயே. பெட்ரோலில் எளிதிற் கரையாத குணம் அதற்குண்டு. இட்ட எண்ணெய் திரும்பி வருவதில்லை. எரிந்தும் எரியாமலும் புகையோடு பின்னே பறந்து விமானியின் முகத்தில் படியும். அதனைச் சுவாசித்தும் விழுங்கியும் வந்த விமானிகளின் வயிறு என்ன பாடுபட்டது என்பதை, இளமையில் விளக்கெண்ணெய் குடித்த எவரும் ஊகிக்கலாம். பிற்காலத்துப் பெரிய யந்திரங்களைக் குறித்தும், கீழே எண்ணெய் சொட்டவில்லையாயின் உள்ளே எண்ணெய் இல்லை என்று பொருள் என்பதாக மெக்கானிக்குகளிடையே ஒரு பரிகாசம் உண்டு. யாமும் அப்பரிகாசத்தைச் சொல்லிச் சிரித்து, பறப்புப் புத்தகத்தில் “சிறு கசிவு, கவலைக்குரியதன்று” என்று எழுதிக் கையொப்பமிட்டோம்.

நிற்க, கசிவைக் கண்டுபிடிக்கும் முறையைச் சொல்லவேண்டும். விமான யந்திரத்தில் எண்ணெய் காணப்படும் இடம் வேறு, பிறக்கும் இடம் வேறு. மணிக்கு 150 மைல் வேகத்தில் உட்புகும் காற்று, ஒரு துளியை நூறு வழியாகச் சிதறடித்துப் பின்னே கொண்டுபோய்ப் பூசிவிடுகின்றது. ஆரோனுடைய சிரசின்மேல் வார்த்த தைலம் தாடியில் இறங்கி அங்கியின் ஓரமட்டும் வடிந்ததாகச் சங்கீதக்காரர் பாடியிருப்பதை நாமெல்லாரும் கல்லூரி ஆலயத்தில் கேட்டிருக்கிறோம். அங்கியின் ஓரத்தைத் துடைப்பதால் பயனில்லை, சிரசைத் தேடவேண்டும். எனவே, முதலில் யந்திரம் முழுவதையும் கரைப்பானால் கழுவி உலர்த்துவர். பின்பு பாதத்துக்கு இடும் வெண்பொடியை மெல்லத் தூவி, ஐந்து நிமிஷம் தரையிலேயே ஓட்டி நிறுத்துவர். வெண்மையில் கருங்கோடு எவ்விடத்தில் உற்பத்தியாகின்றதோ அதுவே ஊற்றுக்கண். மற்றொரு முறை, எண்ணெயில் ஒரு சாயத்தைக் கலந்து, இருளில் புற ஊதா விளக்கைப் பிடித்துப் பார்ப்பது. கசிந்த வழி பச்சையாய் ஒளிரும். இரவில் கொட்டகைக் கதவை அடைத்து, அவ்விளக்கைப் பிடித்துக்கொண்டு, யந்திரத்தினடியில் மல்லாந்து கிடந்து யாம் கண்ட காட்சி, தீபாவளியன்றும் கண்டிலாதது. ஏனெனில் ஒளிர்ந்தது ஓரிடமன்று, ஆறு இடங்கள்.

ஆறு இடங்கள் ஒருங்கே கசியுமாயின் அவற்றுக்குப் பொதுவான காரணம் ஒன்று இருத்தல் கூடும் என்பது, தர்க்க சாஸ்திரத்தில் முதற்பாடம் படித்தவனுக்கும் தோன்றவேண்டும். எமக்குத் தோன்றவில்லை. ஆறு கசிவு, ஆகையால் ஆறு வேலை என்று கணக்கிட்டு, ஸ்பானரை எடுத்தோம்.

ஒவ்வொரு சிலிண்டரின் தலையிலும் வால்வுகளை அசைக்கும் நெம்புகோல்களை மூடிய ஒரு மூடி உண்டு. அதன் கீழ்ப் பழைய தக்கைக் காஸ்கெட் இருந்தது. அதனை எடுத்துவிட்டுச் சிவந்த சிலிக்கோன் காஸ்கெட் வைத்தோம். ஒரு வாரம் உலர்ந்திருந்தது, மறுவாரம் நனைந்தது. மூடியின் ஸ்குரூக்களை இன்னும் முடுக்கினோம், மேலும் நனைந்தது. மெல்லிய தகட்டு மூடியை அளவுக்கு மிஞ்சி முடுக்கினால் ஸ்குரூ உள்ள இடம் குழிந்து, இரண்டு ஸ்குரூக்களுக்கு நடுவே விளிம்பு மேலெழும்பி வாய்பிளக்கும் என்பதை அப்போது அறிந்திலோம். பிறகு புஷ்ராடுகளைச் சூழ்ந்த குழாய்களின் முனைகளிலுள்ள இரப்பர் வளையங்களை மாற்றினோம். அதன்பின், சிலிண்டர் தலையினின்றும் எண்ணெய் தொட்டிக்கு இறங்கும் சிறு குழாய்களின் இரப்பர் இணைப்புகளையும் இறுக்குவளையங்களையும் மாற்றினோம். ஓரிடத்தை அடைத்தால் எண்ணெய் அடுத்த இடத்தில் தலைகாட்டிற்று. வெள்ளத்துக்கு வரப்புக் கட்டும் குடியானவன்போல், இங்கே மண் போட்டுத் திரும்புமுன் அங்கே உடைப்பெடுத்தது. சாறிபாத் விதவையின் கலயத்து எண்ணெய் எடுக்க எடுக்கக் குறையவில்லை என்று வேதம் கூறும். எம் தொட்டியின் எண்ணெயோ எடுக்காமலே குறைந்தது.

பெரியவர் அக்காலத்தில் கண் சிகிச்சை செய்துகொண்டு வீட்டிலிருந்தார். அவரைக் கலந்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏழு வருடம் அவர் சொற்படி நடந்த எமக்கு, ஒரு காஸ்கெட்டையாவது தனித்து வைக்க வல்லோம் என்று காட்டும் ஆசை. அவ்வாகஸ்டு மாதத்தில் வருடாந்தரப் பரிசோதனை வந்தது. தான் கட்டிய விமானத்தைத் தானே பரிசோதித்துச் சான்று எழுதுவதற்குக் கட்டினோனுக்கு அந்நாட்டு அரசாங்கம் ஒரு பத்திரம் அளிக்கின்றது. அவ்வுரிமையைக் கொண்டு, விமானம் பறப்பதற்கு நல்ல நிலையில் உள்ளது என்று யாமே எழுதி யாமே ஒப்பமிட்டோம். எம்மை வினவ வேறொருவர் இல்லை.

எம் மனையாள் அதுவரை அவ்விமானத்தில் ஏறியதில்லை. 2018 அக்டோபரில், மரங்கள் இலை பழுத்துச் செந்நிறம் கொண்டிருக்கும் வாரத்தில், ஏரிக்கரைமேல் பறந்து காண ஆசைப்பட்டாள். முதல் நாள் இரவு உணவின்போது, “அந்த எண்ணெய்க் கசிவு நின்றுவிட்டதா?” என்று கேட்டாள். “இன்னும் ஒரு காஸ்கெட்டு பாக்கி, அது ஒன்றுமில்லை” என்றோம். மறுநாட் காலையில் அவள் வருமுன் கொட்டகைக்குச் சென்று, கறைபட்ட அட்டையைச் சுருட்டி ஒரு மூலையில் வைத்துவிட்டுப் புதிய அட்டை விரித்தோம். ஏன் அவ்வாறு செய்தோம் என்று அப்போது எம்மையே யாம் கேட்டுக்கொள்ளவில்லை.

அத்தகைய விமானத்தின் உள்ளே, பிரயாணியின் கண்ணுக்குப் படும்படி ஓர் அறிவிப்பு ஒட்டியிருத்தல் சட்டம். இது கைத்தொழிலாகக் கட்டப்பட்டது, தொழிற்சாலை விமானங்களுக்குரிய பாதுகாப்பு விதிகளுக்கு அமைந்ததன்று என்பது அதன் கருத்து. அவள் அதனை ஒருமுறை வாய்க்குள் படித்தாள். எம் முகத்தைப் பார்த்தாள். பட்டையை எடுத்துப் பூட்டிக்கொண்டாள்.

மேலெழுந்து 20 நிமிஷம் சென்றிருக்கும். உயரம் 3,000 அடி. முன்கண்ணாடியின் கீழோரத்தில் ஒரு பொன்னிறக் கோடு தோன்றிற்று. அவள் அதனை அழகென்று நினைத்தாள் போலும், விரலாற் சுட்டினாள். கோடு மேலேறிக் கிளைத்தது. ஒரு நிமிஷத்துக்குள் கண்ணாடி முழுவதும் நெய் தடவிய தோசைக்கல்லைப் போலாயிற்று; அதற்கப்பால் வானமும் பூமியும் ஒரே மங்கல். எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் கருவியைப் பார்த்தோம்: சதுர அங்குலத்துக்கு 70 பவுண்டு, குறையொன்றுமில்லை. அக்கருவி நல்லது சொல்லும் மட்டும் யந்திரம் ஓடும். ஆனால் எத்தனை நிமிஷத்துக்கு என்று அது சொல்லாது. புறப்படும்போது தொட்டியில் ஆறு குவார்ட்டு இருந்தது. எவ்வளவு போயிற்று என்று காண வழியில்லை. புகைக்குழாயின்மேல் விழுந்த எண்ணெய் காந்தும் நாற்றம் உள்ளே வந்தது.

விசையைக் குறைத்துத் திரும்பினோம். தளம் 12 மைலில் இருந்தது. ஆறேழு நிமிஷப் பிரயாணம். அந்நிமிஷங்களில் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. முன்னே பார்வையில்லாமையால், விமானத்தைச் சற்றுப் பக்கவாட்டில் சரித்து, பக்கக் கண்ணாடி வழியே ஓடுபாதையைக் கண்டு இறங்கி, தரை நெருங்கும்போது நேராக்கினோம். இம்முறையைப் பயிற்சியில் பலமுறை செய்ததுண்டு; கண்ணாடியில் எண்ணெயோடு செய்தது அதுவே முதல். இறங்கி நின்றபின் அளவுகோலை எடுத்துப் பார்த்தோம்: மூன்று குவார்ட்டு எஞ்சியிருந்தது. இரண்டுக்குக் கீழ் போனால் அவ் யந்திரம் பிழைப்பது அரிது.

அவள் இறங்கிக் கொட்டகைக்குள் சென்று, சிறிது நேரத்துக்குப் பின் வெளியே வந்தாள். கையில் அந்தச் சுருட்டிய அட்டை இருந்தது. விரித்துப் பார்த்துவிட்டு, “இதை நீங்கள் ஒளித்து வைத்தீர்களா?” என்றாள். யாம் மறுமொழி சொல்லவில்லை. அவளும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

மாலையில் பெரியவரே வந்தார். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்தார். யந்திரத்தின் மூக்கில், புரொப்பெல்லருக்குப் பின்னால், கிராங்க் தண்டைச் சுற்றி ஓர் ஆயில் சீல் உண்டு. அது தன் இருப்பிடத்தினின்றும் ஒருபுறம் வெளியே பிதுங்கியிருந்தது. யாம் உடனே அந்தச் சீலைக் குறைகூறத் தலைப்பட்டோம். அவர் கையமர்த்தி, “கெட்டுப்போன சீல் கிழியும், தேயும். இது கிழியவுமில்லை, தேயவுமில்லை. இதை யாரோ உள்ளேயிருந்து தள்ளியிருக்கிறார்கள்” என்றார். பின்பு, “மூச்சுக் குழாயைப் பார்த்தாயா?” என்றார்.

மாணவர்களுக்காக இவ்விடத்தில் சிறிது நிற்போம். சிலிண்டரில் எரியும் வாயுவில் ஒரு சிறு பங்கு பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கிராங்க் பெட்டிக்குள் இறங்கும். எவ்வளவு நல்ல யந்திரத்திலும் இதைத் தவிர்த்தல் முடியாது. அவ்வாயு வெளியேறுவதற்கென்று ஒரு குழாய் வைத்திருக்கின்றனர். அதுவே மூச்சுக் குழாய். அழுத்தக் கருவி காட்டும் 70 பவுண்டு, பம்பு எண்ணெயைக் கால்வாய்களினூடே செலுத்தும் அழுத்தம். கிராங்க் பெட்டியின் வெற்றிடத்திலோ அழுத்தம் ஏறத்தாழ ஒன்றுமில்லாதிருத்தல் வேண்டும். முன்னதைக் காட்டக் கருவி உண்டு. பின்னதைக் காட்ட எம் விமானத்தில் ஒன்றுமில்லை. மூச்சுக் குழாய் அடைபட்டால், உட்புகுந்த வாயு எல்லா இடுக்குகளிலும் எண்ணெயைத் தள்ளும். எல்லாவற்றினும் எளிதில் பெயரக்கூடியது மூக்கிலுள்ள சீல்.

குளிர் நாடுகளில் இவ்வடைப்புக்கு ஒரு பிரசித்தமான காரணம் உண்டு. பெட்ரோலில் ஒரு காலன் எரிந்தால் ஏறத்தாழ ஒரு காலன் நீர் உண்டாகும். அதில் சிறிது ஆவியாக மூச்சுக் குழாய் வழியே வந்து, வெளிக்காற்று படும் வாயில் உறைந்து பனிக்கட்டியாய் அடைத்துவிடும். இதற்குப் பரிகாரமாக, யந்திரத்தின் மேலுறைக்குள் வெப்பமான இடத்தில் அக்குழாயின் பக்கத்தில் ஒரு சிறு துவாரம் இடுவர். வாய் உறைந்தாலும் மூச்சு அவ்வழியே போம். இதனை யாமும் படித்திருந்தோம். ஆனால் துவாரமிட்டால் மேலுறைக்குள் எண்ணெய்ப்படலம் படியுமே என்று அஞ்சி, அதைவிடச் சிறந்ததாக ஒரு யுக்தி செய்தோம்: குழாயின் வாயைப் புகைக்குழாயின் அருகே கொண்டுவந்து, அரை அங்குல இடைவெளியில் நிறுத்தினோம். வெப்பத்தால் உறைதலும் இல்லை. சொட்டும் எண்ணெயும் புகைக்குழாயின்மேல் பட்டு எரிந்துபோம். விமானத்தின் வயிறும் சுத்தமாயிருக்கும். பலர் அவ்வாறே வைக்கின்றனர்; ஆனால் போதிய இடைவெளி விட்டு வைக்கின்றனர், துவாரமும் இடுகின்றனர். எமது யுக்தியைக் குறித்து அன்று மிகவும் மகிழ்ந்தோம்.

குழாயைக் கழற்றிப் பார்த்தோம். எண்ணெய் ஆவி அத்தனை வெப்பத்தில் கருகி, அடுக்கடுக்காய்ப் படிந்து, அடுப்புக்கரியைப்போல் இறுகியிருந்தது. முக்கால் அங்குல வாயில் ஒரு தீக்குச்சி நுழையும் வழியே மீந்திருந்தது. உடனே அதனைச் சுரண்ட ஓர் ஆணியை எடுத்தோம். பெரியவர் எம் கையைப் பிடித்துக்கொண்டார். “முதலில் அள, பிறகு சுரண்டு. இல்லாவிட்டால் இதுதான் காரணம் என்று நீ நம்புவாய், அறிந்திருக்கமாட்டாய்” என்றார். கல்லூரியில் எம் பௌதிக ஆசிரியர் இதே கருத்தை எத்தனை முறை சொல்லியிருப்பார்!

புதிய சீலைப் பொருத்த இரண்டு நாள் ஆயிற்று. அது வெட்டில்லாத முழு வளையம். புரொப்பெல்லர் பூட்டும் அகன்ற விளிம்பைத் தாண்டி உள்ளே போகவேண்டும். சுடுநீரில் இட்டு இளக்கி, இருவர் கையாலும் இழுத்து விரித்து ஏற்றினோம். இருப்பிடத்தை எண்ணெய்ப் பசையறத் துடைத்து, ஒட்டுப்பசை பூசி, ஓரிரவு அசையாது விட்டோம்.

பின்பு அளவு. ஒரு பலகையில் தெளிந்த பிளாஸ்டிக் குழாயை வளைத்துக் கட்டி, மையிட்ட நீர் ஊற்றினோம். ஆய்வுக்கூடத்தில் நாம் எல்லாரும் கையாண்ட அதே வளைகுழாய்தான். அதன் ஒரு முனையை எண்ணெய் அளவுகோல் செருகும் துவாரத்தில் தக்கையால் அடைத்துப் பொருத்தி, அடைபட்ட மூச்சுக் குழாயை மீண்டும் பூட்டி, யந்திரத்தை மெல்ல ஓட்டினோம். நிமிஷத்துக்கு 1,000 சுற்றில் நீர் 6 அங்குலம் ஏறிற்று. 1,500-ல் 14 அங்குலம். பெரியவர் சைகை காட்ட, சிறிது கூட்டினோம். நீர் முழுவதும் குழாயினின்றும் பீறிட்டு அவர் சட்டையை நீலமாக்கிற்று. அம்மனிதர் வாய்விட்டுச் சிரித்ததை யாம் கண்டது அந்த ஒருமுறையே. அதன்பின் கரியைச் சுரண்டி எடுத்து மறுபடியும் ஓட்டினோம். 1,500-ல் ஓர் அங்குலம். 2,000-ல் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல்.

குழாயின் வாயை இரண்டு அங்குலம் மேலே வெட்டி, மேலுறைக்குள் பக்கத் துவாரமும் இட்டோம். ஐந்து கசிவுகள் அவற்றை யாம் தொடாமலே நின்றன. நாலு மாதமாக மாற்றிய காஸ்கெட்டுகளில் மாற்றவேண்டியிருந்தவை மிகச் சில என்று தெரிந்தது. ஆறாவது மாத்திரம் நிற்கவில்லை: அது யாம் ஆத்திரத்தோடு முடுக்கிக் கோணலாக்கிய மூடி. அதனைக் கழற்றி, கண்ணாடிப் பலகைமேல் மெல்லிய உப்புத்தாளை விரித்து, எட்டு வடிவமாகத் தேய்த்துத் தேய்த்து விளிம்பைச் சமப்படுத்தினோம். ஒரு மாலைப்பொழுது முழுதும் சென்றது. தேய்க்கும்போது அவ்விளிம்பில் ஸ்குரூவுக்கு ஸ்குரூ ஏறி இறங்கிய மேடுபள்ளங்கள் எம் கைவலிமைக்குச் சாட்சியாக மினுமினுத்தன.

பறப்புப் புத்தகத்தில் “சிறு கசிவு, கவலைக்குரியதன்று” என்று முன்னர் எழுதியிருந்த வரியை அடிக்கவில்லை, அடிப்பதும் முறையன்று. அதன்கீழ், நடந்ததை நடந்தவாறே எழுதினோம்: மூச்சுக் குழாய் அமைப்பில் கட்டினோன் பிழை, கிராங்க் பெட்டியில் அழுத்தம் மிகுந்தமையால் முன் சீல் பெயர்ந்தது, அளந்த அளவு இன்னது. அவ்வொப்பம் இடுதற்கு முந்தின எல்லா ஒப்பங்களினும் அதிக நேரம் பிடித்தது. இப்போது 50 மணிக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றும்போதெல்லாம், மூச்சுக் குழாயின் வாயில் விரலை விட்டுப் பார்த்து அதனையும் எழுதுகின்றோம்.

எம் மனையாள் மறு வருடம் ஜூலை மாதம்வரை விமானத்தின் பக்கம் வரவில்லை. ஒருநாள் தானாகவே வந்து, யந்திரத்தின் கீழே குனிந்து, அட்டையைப் பார்த்தாள். அன்று அதில் இரண்டு துளிகள் இருந்தன. பையிலிருந்து பென்சில் எடுத்து, ஒவ்வொன்றையும் சுற்றி வட்டமிட்டு, பக்கத்தில் தேதி எழுதினாள். பிறகு ஏறினாள். அன்றிலிருந்து அட்டையை மாற்றும் அதிகாரம் எமக்கில்லை. பழைய அட்டை நிறைந்ததும் அவளே எடுத்துச் சுவரில் மாட்டிவிட்டுப் புதியது விரிப்பாள். கொட்டகைச் சுவரில் இப்போது நான்கு தொங்குகின்றன. முதலாவது, அன்று யாம் சுருட்டி மூலையில் வைத்தது. அதில் மாத்திரம் தேதிகள் இல்லை.